நோலினி மீன் தின்றாளா

மாதாந்திர மின்தடை நாள்.
விசிறி நின்ற வீட்டில்
பனியன் மூட்டையைப் பிரித்துப் போட்டு மூணு பேர்.
என் கத்திரி சும்மா கிடக்கிறது.
கிளை நூலகத்து முத்திரை குத்திய வங்க நாவலை
நான் உரக்கப் படிக்க,
என் பங்குப் பிசிறையும் சேர்த்து
மயிலாத்தா நங்கையா வெட்டுகிறாள்.

ஷிப்ரா எங்கள் லைன் வீட்டில் நாலாம் கதவு.
முர்ஷிதாபாத் பக்கம், ஆறு தின்றுவிட்ட ஊர்.
தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது.
"நளினி" என்று நான் வாசித்தால்
"நோலினி, திதி, நோலினி" என்று
வாயை உருண்டையாக்கிக் காட்டுவாள்.

கதையில் பெரிய வீடு.
ஆண்கள் முற்றத்தில் செய்தித்தாள்,
பெண்கள் முற்றத்தில் மீன்செதில்.
சேலைத் தலைப்பில் சாவிக்கொத்து முடிந்த மாமியார்
நடந்தால் சத்தம்,
நின்றால் அதைவிடச் சத்தம்.
"எங்க வீட்டுக்குப் பூட்டே கெடையாது" ஷிப்ரா சிரித்தாள்.
"அம்மா தலைப்புல முடிஞ்சிருந்தது
பீடி சுத்தின கூலிச் சீட்டு."

பத்தொன்பதில் சங்கு வளை உடைத்தவள் நளினி.
தனி அடுப்பு. தனிச் சட்டி. ஒருவேளைப் பச்சரிசி.
'ஏகாதசியன்று கைம்பெண்கள்
தண்ணீரும் குடிப்பதில்லை' என்கிறது
எறும்பெழுத்தில் ஓர் அடிக்குறிப்பு.
அதை மட்டும் படிக்காமல் தாண்டினேன்.
எதிரே வெள்ளைச் சீலையில்
நங்கையா உட்கார்ந்திருக்கிறாள்.

என் கல்யாணத்தில் இணைச்சீருக்கு
மாப்பிள்ளையின் அக்காவாக அவள்தான் நிற்க வேண்டும்.
முந்தின ஆவணியில்தான் அண்ணன்
சத்தீஸ்கருக்குப் போன போர்வெல் லாரியோடு போனார்.
பெரியப்பன் மகள் ஒருத்தி கூடை தூக்கி நின்றாள்.
தலை நிமிராத புதுப்பெண்தான் நான்,
ஆனாலும் பார்த்தேன்:
மண்டபத்துச் சமையல்கட்டுக் கதவிடுக்கில்
முப்பத்தொரு வயசு, வெங்காயம் உரித்தபடி.
வெங்காயம் என்பதால்
யாரும் எதுவும் கேட்கவில்லை.

நூற்றெழுபத்தி நாலாம் பக்கத்தில்
மழை இரவு. வீடு தூங்கிவிட்டது.
நளினி பெரிய சமையலறைக்குள் போகிறாள்.
கடுகரைத்த இலிஷ், மூடிவைத்த சட்டி.
மூடியை நகர்த்துகிறாள். விரல்...

அடுத்த தாள் இல்லை.
யாரோ ஸ்கேல் வைத்து நேராகக் கிழித்திருக்கிறார்கள்.
நூற்றெழுபத்தேழில் விடிந்துவிட்டது.
கிணற்றடியில் நின்று
நளினி பல் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

நாலு மின்தடையாக வாய் திறக்காமல் கேட்டவள்
கத்திரியை நிறுத்தினாள்.
"ஏ அம்மிணி, தின்னாளா இல்லியா?"

"தின்னிருக்க மாட்டாளுங்க. பயந்திருப்பா."

ஷிப்ரா நாக்கைச் சொடுக்கினாள்:
"தின்னா. தலையும் சேத்துத் தின்னா.
பூனைமேல பழி போட்டா. எங்க அத்தை அப்பிடித்தான்."

"பூனை வருதா கதையில?" நங்கையா விடவில்லை.
புரட்டினேன்.
நாற்பதாம் பக்கத்திலேயே ஒரு சாம்பல் பூனை
அரிவாள்மணைக்குப் பின்னால் படுத்திருக்கிறது.
நான்தான் கவனிக்கவில்லை.
எழுதினவள் எதற்கோ
அப்போதிருந்தே அதற்குச் சோறு போட்டிருக்கிறாள்.

நங்கையா மடியிலிருந்த பிசிறை உதறாமல்
ரொம்ப நேரம் சும்மா இருந்தாள். பிறகு,
கடன் பாக்கியை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி:
"உங்க கல்யாணத்துல
பொண்ணு மாப்பிள்ளைக்குன்னு எடுத்து வெச்ச ஒப்புட்டு,
மொத ஒப்புட்டு
நாந்தான் தின்னேன்.
நெய்யோட. சுடச்சுட."

பதினெட்டு வருஷம்.
ஒன்று குறைகிறதென்று
சமையல்காரரை யாரோ திட்டிய சத்தம்
எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.
அவர் அவிநாசிக்காரர். கடைசிவரை
எண்ணித்தான் வைத்தேன் என்றார்.

கரண்ட் வந்து பிசிறெல்லாம் பறந்தது.
எத்தனை பீஸ் முடிந்ததென்று எண்ணினோம்.
மூணு பேருக்கும் மூணு கணக்கு.